ஆறாயிரம் கிலோமீட்டரே ஓடிய டயர்: விற்கலாமா, கழித்துக் கட்டலாமா?

புது கார் வாங்கிய சில மாதங்களிலேயே 'அலாய் வீல் மாத்தணும், ஒரு சைஸ் பெருசா போடணும்' என்று டயர் கடைக்குக் கிளம்புபவர்கள் உண்டு. கம்பெனி டயர் சத்தம் போடுகிறது என்று மாற்றுபவர்களும் உண்டு. ஒரு டயர் குழியில் விழுந்து கிழிந்ததால் நான்கையும் ஒரே பிராண்டாக மாற்றிவிட்டு, நன்றாக இருக்கும் மீதி மூன்றை வீட்டுக்குக் கொண்டுவருபவர்களும் இருக்கிறார்கள்.

காரணம் எதுவாக இருந்தாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான். கழற்றிய டயர்கள் பார்க்கிங் மூலையிலோ மொட்டை மாடியிலோ போய் உட்காரும். 'நல்லா இருக்கே, யாருக்காவது கொடுத்துடலாம்' என்று ஒரு மாதம், 'ஓஎல்எக்ஸ்ல போட்டுப் பார்க்கலாம்' என்று இன்னொரு மாதம் என அப்படியே ஒரு மழைக்காலமும் கடந்துவிடும்.

விற்பதா, கழிப்பதா என்று யோசிக்கும்போது பெரும்பாலானவர்கள் 'எவ்வளவு கிடைக்கும்?' என்ற கேள்வியில் இருந்துதான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த டயர் அடுத்து யாருடைய காரில் ஓடப் போகிறது?

பழைய டயரைத் தேடி வருபவர் பெரும்பாலும் நான்கு புது டயருக்குச் சேர்ந்தாற்போல் பணம் புரட்ட முடியாதவர். ஒரு நாளில் நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓட்டும் கால்டாக்சி ஓட்டுநராக இருக்கலாம். பழைய காரில் குடும்பத்தோடு ஊருக்குப் போய் வருபவராக இருக்கலாம். உங்களுக்குத் தேவைப்படாத டயரை நம்பித்தான் அவர் நெடுஞ்சாலையில் ஏறுவார். எனவே விலையைப் பேசும் முன் டயரைப் பரிசோதிக்க வேண்டும். இதற்கு மெக்கானிக் தேவையில்லை. பத்து நிமிடமும் மொபைல் டார்ச்சும் போதும்.

முதலில் வயது

ஓடிய தூரத்தைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். டயரின் வயது மட்டும் யாருக்கும் தெரியாது. அது டயரின் பக்கவாட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

டயரின் சைடுவாலில் ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், கடைசி இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். '3523' என்று இருந்தால், 2023-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் தயாரான டயர் என்று பொருள். சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் உட்பக்கம் பாருங்கள்.

ஓடாத டயருக்கும் வயதாகும். வெயில், வெப்பம், காற்றில் உள்ள ஆக்சிஜன், ஓசோன் எல்லாம் சேர்ந்து ரப்பரை மெல்ல மெல்ல இறுக வைக்கின்றன. பட்டன் முழுசாக இருப்பதால் பார்க்கப் புதுசு மாதிரி தெரியும். ஆனால் ரப்பரின் நெகிழ்வு போயிருக்கும், சாலையைப் பிடிக்கும் திறனும் குறைந்திருக்கும்.

2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் நடந்த கார் விபத்தில் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' நடிகர் பால் வாக்கரும், காரை ஓட்டிய அவரது நண்பரும் உயிரிழந்தனர். விபத்துக்கு அதிவேகமே காரணம் என்று 2014 மார்ச்சில் வெளியான விசாரணை முடிவு சொன்னது. அந்த போர்ஷே காரின் டயர்கள் ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் பழையவை என்பதையும், அது காரின் கையாளுமையைப் பாதித்திருக்கலாம் என்பதையும் விசாரணையாளர்கள் சுட்டிக்காட்டினர்.

ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் டயரைப் பரிசோதிக்க வேண்டும், நன்றாகத் தெரிந்தாலும் தயாரான தேதியில் இருந்து பத்து ஆண்டுகளில் மாற்றிவிட வேண்டும் என்பது மிஷலின் நிறுவனத்தின் பரிந்துரை. ஆறு ஆண்டுகளிலேயே மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்களும் உண்டு. விற்கும் டயர் இதைவிட இளமையாக இருக்க வேண்டும். வாங்குபவர் அதை இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஓட்டப் போகிறார் என்பதை மறக்கக் கூடாது. மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்ட டயர் என்றால் தயங்காமல் விற்கலாம். ஐந்தைத் தாண்டிவிட்டால், எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் விற்காமல் இருப்பதே நல்லது.

பட்டன் எவ்வளவு மிச்சம்?

புதிய கார் டயரில் பள்ளத்தின் ஆழம் பொதுவாக 7 முதல் 8 மில்லிமீட்டர் வரை இருக்கும். இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார் டயருக்குக் குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் சட்டப்படியே அது மொட்டை டயர்.

அளக்க எளிய வழி உண்டு. டயரின் ஓரத்தில் 'டி.டபிள்யூ.ஐ.' என்ற ஆங்கில எழுத்துகளோ சிறிய முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் குறுக்கே ஒரு சின்ன ரப்பர் மேடு தெரியும். சுற்றியுள்ள பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் கதை முடிந்தது. துல்லியமாக அளக்க டிரெட் டெப்த் கேஜ் என்ற சிறு கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. டயர் கடையில் கேட்டாலும் அளந்து சொல்வார்கள். நடுவில் மட்டும் அளக்காமல் இரண்டு ஓரங்களிலும் அளப்பது முக்கியம். அலைன்மென்ட் சரியில்லாத காரில் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கும்.

1.6 மில்லிமீட்டர் என்பது ஓட்டுவதற்கான கடைசிக் கோடு. விற்பதற்கு அது போதாது. மழை பெய்யும்போது டயருக்கும் சாலைக்கும் நடுவே சிக்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது இந்தப் பள்ளங்கள்தான். ஆழம் குறையக் குறைய, பிரேக் போட்ட பிறகு கார் வழுக்கிக்கொண்டு போகும் தூரமும் கூடும். பிரிட்டனில் பயன்படுத்திய டயரை விற்க 2 மில்லிமீட்டராவது ஆழம் இருக்க வேண்டும் என்றும், 'பயன்படுத்தியது' என்ற முத்திரை டயரிலேயே இருக்க வேண்டும் என்றும் 1994-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. இங்கே பழைய டயர் வாங்குபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது 'நல்லா இருக்கு சார், தைரியமா போடுங்க' என்ற வாய்வார்த்தை மட்டுமே. அதனால் விற்பவரே கொஞ்சம் கறாராக இருக்கலாம். 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் 'லேசாக ஓடிய டயர்' என்று சொல்லி விற்கலாம். 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் விற்கும் எண்ணத்தை விட்டுவிடலாம்.

உடம்பில் காயம் இருக்கிறதா?

வயதும் ஆழமும் தேறிவிட்டால், அடுத்தது காயம். டயரை மெதுவாக உருட்டி, இரண்டு பக்கமும் உள்ளேயும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

சைடுவாலில் எங்காவது முட்டை மாதிரி உப்பியிருந்தால், உள்ளே இருக்கும் இழைகள் அறுந்துவிட்டன என்று அர்த்தம். குழியிலோ நடைபாதை விளிம்பிலோ வேகமாக மோதும்போது இப்படி ஆகும். அந்த டயர் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். சைடுவாலில் ஆழமான வெட்டு, பொடிப்பொடியாக வெடிப்பு, வெளியே தெரியும் கம்பி, காற்றே இல்லாமல் ஓட்டியதால் உள்பக்கம் தேய்ந்து உதிர்ந்த ரப்பர் தூள் ஆகியவையும் அபாய அறிகுறிகள். இதில் ஒன்று இருந்தாலும் அந்த டயரை யாருக்கும் விற்காதீர்கள், இலவசமாகவும் கொடுக்காதீர்கள்.

பஞ்சர் கதை வேறு. சாலையில் படும் நடுப்பகுதியில் ஆணி குத்தி, டயரைக் கழற்றி உள்பக்கமாகப் பேட்ச் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்கலாம். வெளியில் இருந்தே திரி செருகி அடைத்திருந்தால் அது தற்காலிக வைத்தியம். சரியாகப் பேட்ச் போட்டுவிட்டு விற்பது நல்லது. சைடுவாலில் பஞ்சர் போட்ட டயர் விற்பனைக்கு உரியதல்ல.

ஒண்ணு ஸ்டெப்னிக்கு வெச்சுக்கலாமே?

விற்கும் முன் உங்கள் கார் டிக்கியைத் திறந்து பாருங்கள். பல கார்களில் ஸ்டெப்னி மற்ற நான்கு டயரைவிட மெலிதாக இருக்கும். பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். சில கார்களில் ஸ்டெப்னியே இருக்காது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் வசதியும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமல் கார் விற்கலாம் என 2020 ஜூலையில் விதி திருத்தப்பட்டது.

கழற்றிய டயரும் இப்போது காரில் ஓடும் டயரும் ஒரே அளவு என்றால், நல்ல நிலையில் உள்ள ஒன்றை ரிம்மோடு முழு அளவு ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம். டிக்கியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் வைத்துப் பார்த்துவிடுங்கள். பெரிய சைஸுக்கு மாறியிருந்தால் கடைக்காரரிடம் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். சுற்றளவு மாறினால் ஏபிஎஸ் போன்றவை குழம்பலாம்.

என்ன விலை கேட்கலாம்?

விலையைக் கணக்கிட எளிய வழி ஒன்று இருக்கிறது. உதாரணத்துக்கு, புதிதாக ரூ.6,000 விலையுள்ள டயர் என்று வைத்துக்கொள்வோம். புதிதில் ஆழம் 8 மி.மீ., இப்போது 6 மி.மீ. சட்டப்படி 1.6 மி.மீ. வரைதான் ஓட்ட முடியும் என்பதால், மொத்தம் பயன்படக்கூடிய ஆழம் 6.4 மி.மீ., மிச்சம் இருப்பது 4.4 மி.மீ. அதாவது சுமார் 69 சதவீதம். கணக்குப்படி மதிப்பு ரூ.4,100-ஐ ஒட்டி வரும்.

ஆனால் சந்தை அந்த விலையைத் தராது. வாங்குபவருக்கு வாரன்டி இல்லை, மாட்டும் கூலியும் பேலன்சிங் செலவும் அவருடையது, டயரின் கடந்த காலமும் அவருக்குத் தெரியாது. கணக்கில் வந்த தொகையில் பாதி கிடைத்தால் நல்ல விலை என்று எடுத்துக்கொள்ளலாம். டயர் கடைக்காரர் எடுத்தால் அதைவிடக் குறைவாகத்தான் கேட்பார். அவர் லாபம் வைத்து விற்க வேண்டுமே.

நல்ல விலை கிடைக்க, டயரைக் கழற்றுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். புது டயர் வாங்கும் கடையில் 'இதை எடுத்துக்கிட்டு எவ்வளவு குறைப்பீங்க?' என்று பில் போடும் முன் கேட்டால் பேரத்துக்கு இடம் இருக்கும். கழற்றிய பிறகு கேட்டால், 'வேணும்னா இங்கேயே வெச்சுட்டுப் போங்க சார்' என்பதுதான் பதிலாக வரும்.

நேரடியாக விற்பதென்றால், அதே மாடல் கார் வைத்திருப்பவர்தான் சரியான ஆள். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழு, அந்த மாடலுக்கான கார் உரிமையாளர் குழுக்கள், ஆன்லைன் விற்பனைத் தளங்கள் ஆகியவற்றில் போடலாம். விளம்பரத்தில் அளவை முழுசாக எழுதுங்கள். '185/65 ஆர் 15 88 எச்' என்பதில் 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் சைடுவால் உயரத்தின் சதவீதம். 'ஆர்' ரேடியல், 15 ரிம்மின் அங்குல அளவு. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். 'எச்' என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரைக்குமான டயர். இதோடு தயாரான வாரம் தெரியும் படம், பள்ளத்தின் ஆழம் தெரியும் படம், பஞ்சர் விவரம், பில் ஆகியவற்றையும் சேர்த்துவிட்டால் பாதி கேள்விகள் குறையும். ஜோடியாகவோ நான்காகவோ விற்பது நல்லது. ஒரே அச்சில் வெவ்வேறு தேய்மானம் உள்ள டயர்களை மாட்டினால் பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுக்கலாம்.

ஆன்லைனில் விற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டயரைப் பார்க்காமலே முழு விலைக்கும் சம்மதித்து, 'அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க' என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். யுபிஐ-யில் பணம் பெற ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம்.

தேறாத டயரை என்ன செய்வது?

வயது, ஆழம், காயம் ஆகிய மூன்றில் ஒன்றில் தோற்றாலும் அந்த டயர் கழிவுதான். அதைக் காயலான் கடையில் போட்டால் பிரச்சினை முடிந்துவிடும் என்று நினைக்கலாம். ஆனால் அங்கே போகும் டயர் எல்லாம் மறுசுழற்சிக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பட்டன் கொஞ்சம் இருக்கும் டயர், கறுப்பு பாலிஷ் போட்டுக்கொண்டு மறுபடி விற்பனைக்கு வரலாம். மொட்டையான டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி விற்பதும் நடக்கிறது. அப்படி வெட்டும்போது, உள்ளே இருக்கும் கம்பி அடுக்கைக் காக்கும் ரப்பரும் போய்விடுகிறது.

அதனால் ஆபத்தான டயரைக் கழிக்கும்போது, இனி யாரும் மாட்ட முடியாதபடி செய்துவிட்டுக் கொடுங்கள். பஞ்சர் கடையில் சொன்னால் சைடுவாலை அறுத்தோ துளை போட்டோ கொடுப்பார்கள். காயலான் கடையில் சில ரூபாய் குறையலாம். ஆனால் அந்த டயர் இன்னொரு காரில் ஏறாது.

கழிவு டயருக்கென்று இந்தியாவில் சட்டப்படியான ஏற்பாடும் இருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆபத்தான கழிவு விதிகளைத் திருத்தி, டயர் தயாரிப்பாளர்களையும் இறக்குமதியாளர்களையும் மறுசுழற்சிக்குப் பொறுப்பாக்கியது. 2022-23ல் அவர்கள் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சந்தைக்குக் கொண்டுவந்த அளவில் 35 சதவீதம், 2023-24ல் 70 சதவீதம், 2024-25 முதல் 100 சதவீதம் என்று இலக்கு வைக்கப்பட்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்த மறுசுழற்சி நிறுவனங்களிடம் சான்றிதழ் வாங்கி நிறுவனங்கள் இந்த இலக்கைக் காட்ட வேண்டும்.

முறையாக மறுசுழற்சிக்குப் போகும் டயர் தூளாக்கப்பட்டு, தார்ச் சாலைக் கலவையிலோ ரப்பர் பொருட்களிலோ சேரும். உள்ளே இருக்கும் கம்பி தனியாகப் பிரிக்கப்பட்டு இரும்பாகும். காற்று புகாமல் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் ஆலைகளும் உண்டு. அவற்றில் விதிமுறைகளைக் கடைப்பிடிக்காதவை சுற்றுவட்டாரத்துக்கே தலைவலி. உங்களால் செய்யக்கூடியது, தெருவில் வரும் வண்டியில் ஏற்றிவிடாமல், புது டயர் வாங்கிய அதிகாரப்பூர்வ டீலரிடமே பழையதை ஒப்படைப்பது. 'இதை எங்கே அனுப்புவீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடவும் செய்யலாம்.

அப்புறம் பார்த்துக்கலாம் என்று வைத்தால்?

விற்கவும் இல்லை, கழிக்கவும் இல்லை, மாடியில் கிடக்கிறது. மூன்றில் மோசமான முடிவு இதுதான். நாள் ஆக ஆக வெயிலில் டயரின் மதிப்பு குறைந்துகொண்டே போகும். அதைவிடப் பெரிய சிக்கல் மழை வந்த பிறகு.

டயரின் உள்வளைவு எப்படிப் போட்டாலும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட இதைவிடத் தோதான இடம் இல்லை. உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும் முட்டைகள் தண்ணீர் வற்றிய பிறகும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். பழைய டயர் வழியாகக் கொசு கண்டம் விட்டுக் கண்டமே போயிருக்கிறது. ஆசியாவின் 'டைகர்' கொசு 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பகுதியில் பரவியிருப்பது கண்டறியப்பட்டது. ஆசியாவில் இருந்து இறக்குமதியான பழைய டயர்களில்தான் அது போய்ச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மழைக்காலத்தில் வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் மாடியில் டயர் இருக்கிறதா என்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

விற்கும் வரை வைத்திருக்க வேண்டும் என்றால், கழுவி உலர்த்தி, வெயிலும் மழையும் படாத இடத்தில் வையுங்கள். ரிம்மோடு இருந்தால் படுக்கையாக அடுக்கலாம், ரிம் இல்லாவிட்டால் நிற்க வையுங்கள். இன்வெர்ட்டர், மோட்டார், பெட்ரோல் கேன் அருகில் வேண்டாம். மழைக்காலம் தொடங்குவதற்குள் விற்றுவிடுவது என்று ஒரு கெடு வைத்துக்கொள்வது நல்லது. பூந்தொட்டியாக மாற்றுவதென்றாலும் தண்ணீர் தேங்காதபடி அடியில் துளை போட்டுவிட வேண்டும்.

போகிக்கு எரிப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. 2018 போகியன்று சென்னையைச் சூழ்ந்த புகைமூட்டத்தால் விமானங்களே தாமதமாகி, சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன.

முடிவு எடுக்க ஒரே கேள்வி

மூன்று ஆண்டுக்குள் தயாரானது, 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம், உடம்பில் காயம் இல்லை என்றால் விற்கலாம், அதுவும் சீக்கிரமாக. ஐந்து ஆண்டைத் தாண்டியது, 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனது, உப்பியது, வெடித்தது என்றால் அறுத்துக் கழித்துவிட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் டயர்தான் குழப்பும். நான்கு ஆண்டு, நான்கு மில்லிமீட்டர். சட்டப்படி தப்பில்லை, விலையும் கொஞ்சம் கிடைக்கும். அப்போது ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: 'மழை பெய்யும் ராத்திரியில், வீட்டு ஆட்களை உட்கார வைத்து, இதே டயரில் நான் திருச்சி வரை ஓட்டுவேனா?' ஓட்டுவேன் என்றால், உள்ளதை உள்ளபடி சொல்லி விற்றுவிடுங்கள். யோசிக்கத் தோன்றினால், வாங்க வருபவருக்கும் அது வேண்டாம்.